இடுப்பில் துப்பாக்கி, பின்னால் போலீஸ் விளக்கு: நாமே சொல்ல வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா?

#1 | கேரி_கார்த்தி | வட கரோலினா

வணக்கம். என் பெயரில் இருக்கும் கேரி நான் குடியிருக்கும் ஊர். இரண்டு வருடமாக இன்னொரு 'கேரி'யும் சேர்ந்துகொண்டது. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு எட்டு மணி நேர வகுப்பில் உட்கார்ந்து, ஷெரிஃப் ஆபீஸில் கைரேகை கொடுத்து, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட் வாங்கினேன். எதற்கு வாங்கினாய் என்று கேட்பவர்களுக்கு இங்கேயே முப்பது பக்கத்துக்கு வேறு இழை இருக்கிறது. அந்தச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

போன சனிக்கிழமை இரவு ஒன்பதரை இருக்கும். நண்பன் மகளுடைய பிறந்தநாள் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் மிச்சமான பிரியாணி டப்பா. பின்னால் நீல விளக்கு. ஓரம் கட்டினேன், இன்ஜினை அணைத்தேன், உள் விளக்கைப் போட்டேன், கண்ணாடிகளை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

அதிகாரி மனைவி இருந்த பக்கமாக வந்து குனிந்தார். வலது பிரேக் லைட் எரியவில்லையாம். லைசென்ஸ் கேட்டார். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, கையை அசைக்காமல், எனக்குப் பெர்மிட் இருக்கிறது, பிஸ்டல் வலது இடுப்பில் இருக்கிறது, பர்ஸும் அதே பக்கப் பாக்கெட்டில்தான், எப்படி எடுக்கட்டும் என்று கேட்டேன்.

அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர் ஓர் அடி பின்னால் போனார். அவர் கை அவருடைய ஹோல்ஸ்டருக்குப் போனதை மனைவி பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. இறங்கச் சொன்னார், காரின் கூரைமேல் கை வைக்கச் சொன்னார். அவரே பிஸ்டலை உருவி, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலில் (சேம்பரில்) தயாராக இருந்த தோட்டாவையும் எடுத்து, மூன்றையும் தன் வண்டி பானெட்டில் வரிசையாக வைத்தார். சீரியல் நம்பரை ரேடியோவில் படித்தார். இருபது நிமிடம் போனது. கடைசியில் வெறும் வார்னிங். பிஸ்டலை டிக்கியில் வைத்தார், மேகசினைப் பின்சீட்டில் போட்டார், அந்த ஒற்றைத் தோட்டாவை மட்டும் என் உள்ளங்கையில் வைத்து, தான் கிளம்பும்வரை லோடு செய்யாதே என்றார். மரியாதையாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது.

வீடு வரும்வரை மனைவி பேசவில்லை. பிரியாணியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க சொல்லாமலே இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல அனுப்பியிருப்பார்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நானாகச் சொல்லியே ஆக வேண்டுமா? அவர் அதை வாங்கி வைக்கலாமா? நம்பரை ஓட்டிப் பார்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | டல்லாஸ்_பெரியப்பா | டெக்சஸ்

தம்பி, முழுசாக வீடு வந்து சேர்ந்தாய், அதுவே போதும்.

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து பெர்மிட்டே தேவையில்லை. ஆனாலும் கேரி லைசென்ஸ் வைத்திருக்கும் என்னைப் போன்ற பழைய ஆட்கள் நிறைய. நம்மிடம் துப்பாக்கி இருக்கும்போது அதிகாரி அடையாள அட்டை கேட்டால், டிரைவர் லைசென்ஸோடு அதையும் சேர்த்து நீட்ட வேண்டும். காட்டாவிட்டால் தண்டனை என்ற பகுதியை 2009இலேயே எடுத்துவிட்டார்கள். நான் எப்போதும் நீட்டுவேன். வாயைத் திறக்கிற வேலையே இல்லை, அட்டை பேசிவிடும்.

வாய் திறந்தால் என்ன ஆபத்து தெரியுமா? நம் ஆட்கள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுவார்கள். பர்ஸில் இருக்கும் பணத்தைக் "கையில் காசு இருக்கு" என்போம் இல்லையா? அதே பழக்கத்தில் "கையில் கன் இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தால் கதை முடிந்தது. சிரிக்காதீர்கள். என் மச்சினன் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் இப்படிச் சொல்லி, அங்கிருந்த பயிற்சியாளர் ஒரு கணம் வெலவெலத்துப் போனார்.

#3 | மிச்சிகன்_மணி

மிச்சிகனிலும் உடனே சொல்லியாக வேண்டும். முதல் தடவை சொல்லாமல் விட்டால் 500 டாலர் அபராதம் என்று வகுப்பில் பயமுறுத்தினார்கள். கார்த்தி செய்தது சரி.

#4 | சட்டப்புழு | விர்ஜினியா

நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீஸில் பன்னிரண்டு வருடமாக ஃபைல் தூக்குகிறவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கார்த்தி, உங்கள் ஊரில் அதிகாரி நெருங்கி வந்தாலோ பேச்சுக் கொடுத்தாலோ, அவர் கேட்காமலே நீங்கள் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: பெர்மிட் இருக்கிறது, இப்போது துப்பாக்கி இருக்கிறது. ஆக, சொல்லாமல் ஐந்து நிமிடத்தில் கிளம்பும் வழி உங்களுக்குச் சட்டப்படி இல்லை. இதை மாநில எல்லை தாண்டி நம்பாதீர்கள். எங்கள் விர்ஜினியாவில் கேட்டால் காட்டினால் போதும். ஓஹையோவில் முன்பு உடனே சொல்ல வேண்டும் என்று இருந்தது, 2022 ஜூனிலிருந்து கேட்டால் மட்டும். ஜார்ஜியாவில் ஒருவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் அவரை நிறுத்தவே கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே நெடுஞ்சாலை, மூன்று மணி நேர ஓட்டம், இரண்டு வேறு கடமை.

இறங்கச் சொன்னதை மறுக்க முடியாது. 1977இல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவிட்டது: சட்டப்படி நிறுத்தப்பட்ட காரின் ஓட்டுநரை அதிகாரி இறங்கச் சொல்லலாம், தனிக் காரணம் தேவையில்லை. அந்த வழக்கே, இறங்கிய மனிதரின் ஜாக்கெட் புடைத்திருந்ததைப் பார்த்துத் தடவிச் சோதித்தபோது துப்பாக்கி கிடைத்ததால் வந்ததுதான். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கும் இதே விதி என்று 1997இல் சொன்னார்கள்.

துப்பாக்கியை வாங்கியதுதான் இதில் சுவாரசியமான இடம். 1968இன் டெர்ரி தீர்ப்புப்படி ஒருவரைத் தடவிச் சோதிக்க அவர் 'ஆயுதம் வைத்திருப்பவர், ஆபத்தானவர்' என்று நியாயமான சந்தேகம் வேண்டும். பெர்மிட்டோடு வைத்திருப்பவர் ஆயுதம் வைத்திருப்பவர்தான், ஆனால் ஆபத்தானவரா? வட கரோலினா, விர்ஜினியா எல்லாம் அடங்கிய நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் ராபின்சன் வழக்கில், 'வைத்திருந்தாலே ஆபத்தானவர்தான், பெர்மிட் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை' என்ற அளவுக்குப் போய்விட்டது. சீட் பெல்ட் போடாததற்கு நிறுத்திய கார் அது. இத்தனைக்கும் இதே நீதிமன்றம் 2013இல் பிளாக் வழக்கில், வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரி என்னும் மாநிலத்தில் அது ஒன்றை மட்டும் காரணம் காட்டி ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது என்றது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் சனிக்கிழமை இரவு புரியும். துப்பாக்கிக்காக அவர் உங்களை நிறுத்த முடியாது. பிரேக் லைட்டுக்காக நிறுத்தலாம். நிறுத்திய பிறகு துப்பாக்கி உங்களை ஆபத்தானவர் ஆக்கிவிடுகிறது. பெர்மிட் என்பது ஷெரிஃப் உங்களை அலசிப் பார்த்து 'இவர் சரியானவர்' என்று கொடுத்த காகிதம். ரோட்டோரத்தில் அதே காகிதம்தான் ஹோல்ஸ்டருக்குக் கை போகக் காரணமாகிறது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, ஆனால் உங்கள் ஊரில் இதுதான் சட்டம்.

அப்புறம், உங்கள் பிரேக் லைட். 2009இல் வட கரோலினாவில் ஒரு காரை ஒரு பிரேக் லைட் எரியாததற்காக நிறுத்தினார்கள். மாநிலச் சட்டத்தின் வாசகப்படி ஒன்று எரிந்தாலே போதும் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் 2014இல் உச்ச நீதிமன்றம், அதிகாரி சட்டத்தை நியாயமாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் நிறுத்தியது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஹையென் வழக்கு. நமக்குச் சட்டம் தெரியாவிட்டால் மன்னிப்பு இல்லை, அவர்களுக்கு உண்டு.

#5 | கேரி_கார்த்தி

சீரியல் நம்பர்?

#6 | சட்டப்புழு

மறந்துவிட்டேன். 1987இல் அரிசோனா எதிர் ஹிக்ஸ் என்று ஒரு வழக்கு. ஒரு வீட்டில் போலீஸ் ஸ்டீரியோ பெட்டியை லேசாக நகர்த்தி அடியிலிருந்த நம்பரைப் படித்தது. அந்த நகர்த்தலே தேடுதல்தான் என்றது நீதிமன்றம். ஆனால் பாதுகாப்புக்காக வாங்கிய துப்பாக்கியில் நம்பர் கண்ணுக்கு நேரே தெரிந்தால், படிப்பது தேடுதல் என்று வாதாடுவது கஷ்டம். உங்களுக்கு வாதம் இருக்கும் ஒரே இடம் நேரம். வார்னிங் எழுதும் வேலை முடிந்த பிறகும், நம்பருக்குப் பதில் வருவதற்காக மட்டும் நிறுத்தி வைத்திருந்தால் 2015இன் ரொட்ரீகஸ் தீர்ப்பு உங்கள் பக்கம். நிறுத்திய காரியம் முடிந்ததும் ஆளை விட வேண்டும் என்றது அது. ஆனால் அதற்காக வழக்குப் போடுவீர்களா? மாட்டீர்கள்.

#7 | சேரன்_சிகாகோ

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். ஃபிலாண்டோ கஸ்டீல் பெயரை யாராவது சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

2016 ஜூலை 6, மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ். இதே பின்விளக்குக் காரணம். 32 வயது, பள்ளிக்கூட உணவகத்தில் வேலை, முறையான பெர்மிட். "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று மரியாதையாகச் சொன்னார். ஏழு குண்டு. பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. மினசோட்டாவில் அவர் சொல்ல வேண்டிய கடமைகூட இல்லை, அதிகாரி கேட்டால் பெர்மிட்டைக் காட்டினால் போதும். சொன்னார், செத்தார். அடுத்த வருடம் ஜூனில் அந்த அதிகாரியை ஜூரி விடுவித்தது.

ஆகவே கார்த்தியின் மனைவி கேட்டதுதான் இந்த இழையிலேயே புத்திசாலித்தனமான கேள்வி.

#8 | மிச்சிகன்_மணி

சேரன், அது நம் நிலைமை இல்லை. அவர் கறுப்பர். கொள்ளைக்காரன் மாதிரி முகம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் அந்த அதிகாரி நிறுத்தினார். முன்பே நாற்பது தடவைக்கு மேல் அவரைச் சின்னச் சின்னக் காரணத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நம்மை அப்படி நிறுத்துவதில்லை.

#9 | சேரன்_சிகாகோ

மணி சார், இரவு ஒன்பதரை மணிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் உங்கள் பட்டப்படிப்பு தெரியாது.

1967இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிளாக் பேந்தர்கள் என்ற கறுப்பர் உரிமை அமைப்பினர் செய்தது என்ன? துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாகப் போலீஸ் வண்டிகளுக்குப் பின்னால் போய், நிறுத்தப்பட்டவர்களுக்கு உரிமையை வாசித்துக் காட்டினார்கள். அன்றைக்கு அது சட்டப்படி சரி. அதே வருடம் கலிஃபோர்னியா சட்டசபை மல்ஃபோர்டு சட்டம் போட்டு, லோடு செய்த துப்பாக்கியோடு தெருவில் நடப்பதைத் தடை செய்தது. கையெழுத்துப் போட்டவர் ரொனால்டு ரேகன். உரிமை யார் இடுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டமே வளையும்.

#10 | மட்டுறுத்துநர்

இனம் பற்றிப் பேசலாம், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்ய வேண்டாம். 9க்குப் பதிலாக வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன்.

#11 | நந்தினி_ஹூஸ்டன்

நான் பெண்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன், பகுதி நேரமாக ஆறு வருடம். கஸ்டீல் வீடியோவை வகுப்பில் போடுவதில்லை, ஆனால் அதில் நடந்த வரிசையைப் பலகையில் எழுதுவேன்.

அதிகாரி லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்டார். கஸ்டீல் இன்ஷூரன்ஸ் அட்டையைக் கொடுத்தார். அப்புறம் துப்பாக்கி இருக்கிறது என்றார். அதிகாரி, அதை எடுக்காதே என்றார். எடுக்கவில்லை என்றார் கஸ்டீல். பக்கத்தில் இருந்த காதலியும் எடுக்கவில்லை என்றார். சுட்டாகிவிட்டது. துப்பாக்கி என்ற சொல் வந்ததிலிருந்து முதல் குண்டுவரை பத்து வினாடிகூட இல்லை.

இதில் முடிச்சு எங்கே? லைசென்ஸ் எடு என்று ஒரு கட்டளை, எடுக்காதே என்று இன்னொரு கட்டளை. லைசென்ஸ் பாக்கெட்டில், துப்பாக்கியும் பாக்கெட்டில். கை எங்கே போனாலும் ஒரு கட்டளையை மீறுகிறது. இரண்டாவது கட்டளை வந்ததுமே முதலாவது ரத்து என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதிகாரி ரத்து செய்யாவிட்டாலும். கை அப்படியே ஸ்டியரிங்கில். சொல்லப்போனால், முதல் கட்டளைக்கே கை போகக் கூடாது.

கஸ்டீல் மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. தப்பு சுட்டவருடையது, சந்தேகமே வேண்டாம். அந்த அதிகாரி வேலை பார்த்த செயின்ட் ஆந்தனி நகரம் கஸ்டீலின் தாயாருக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கொடுத்தது. நான் சொல்வது, அதே இடத்தில் நாளைக்கு உட்காரப்போகிற என் மாணவிக்கு.

அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: 'கன்' என்ற சொல்லை முதலில் விடாதீர்கள். அந்தச் சொல் இரவில், தெருவில், போலீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கக் கத்தும் சொல். 'எனக்குக் கேரி பெர்மிட் இருக்கிறது' என்று ஆரம்பியுங்கள். பெர்மிட் என்று தொடங்கினால் அவர் மூளையில் முதலில் காகிதம் வருகிறது, பிறகுதான் இரும்பு. அப்புறம் இடம். அப்புறம் 'என்ன செய்யட்டும்?' என்ற கேள்வி. அதன் பிறகு அவர் சொல்லும்வரை கல் மாதிரி இருங்கள். கார்த்தி செய்தது அச்சு அசல் இதுதான், அதனால்தான் அது வெறும் இருபது நிமிட அலுப்பாக முடிந்தது.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம். ஊரில் போலீஸ் கை காட்டினால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பேப்பரை எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. நிற்கிற இடத்துக்கு நாமே நடந்து போவோம். உட்கார்ந்தே இருந்தால் திமிர் என்பார்கள். இங்கே இறங்கினால்தான் பிரச்சினை. என்னிடம் வந்த ஒரு பெண்ணின் அப்பா, விசிட்டர் விசாவில் வந்தவர், மகள் காரை நிறுத்தியதும் மரியாதைக்காகக் கதவைத் திறந்து இறங்கப் பார்த்திருக்கிறார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறாள்.

#12 | டல்லாஸ்_பெரியப்பா

நந்தினிம்மா சொல்வது முழுக்க உண்மை. முதல் தடவை நானே இறங்கினேன், 1998இல். கையில் ஒன்றுமில்லை, அதனால் தப்பித்தேன்.

ஊரில் எங்கள் பெரியப்பாவிடம் லைசென்ஸ் போட்ட இரட்டைக்குழல் ஒன்று இருந்தது. தேர்தல் அறிவித்தால் துணியில் சுற்றி ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அந்த ஆளின் குடும்பத்துப் பிள்ளைகள் நாங்கள் இங்கே இடுப்பில் செருகிக்கொண்டு காஸ்ட்கோ கடைக்குப் போகிறோம்.

#13 | புது_எச்1பி

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? ரூம்மேட் கிரீன் கார்டு, அவர் கார் டேஷ்போர்டில் எப்போதும் ஒன்று இருக்கும். அந்தக் காரை நான் ஓட்டும்போது நிறுத்தினால் என்ன சொல்ல?

#14 | சட்டப்புழு

அந்தக் காரை ஓட்டாதீர்கள். இன்றைக்கே.

இந்த இழையில் இதுதான் உண்மையான அபாயம், யாரும் தொடவில்லை. குடியேற்றம் அல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவர்கள், அதாவது எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாரும், துப்பாக்கியோ ஒரே ஒரு தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 2022 வரை 10 வருடம் வரை சிறை, இப்போது 15 வரை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதை நம்பித்தான் சிலர் ரேஞ்சுக்குப் போகிறார்கள். ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது கிரீன் கார்டு ஆகாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. வாடகைத் துப்பாக்கியை ரேஞ்சில் பிடிப்பதும் அதில் வரும். ஃப்ளோரிடாவில் மாணவர் விசாவில் வந்த ஓர் இளைஞர், கல்லூரியில் இருந்து நீக்கப்பட்டு அந்தஸ்தை இழந்த பிறகு ரேஞ்சில் சுட்டார், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ரிஹைஃப் வழக்கு, 2019. தன் அந்தஸ்து அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்களுக்கு உங்கள் விசா நன்றாகவே தெரியும், அதனால் அது உங்களைக் காப்பாற்றாது.

டேஷ்போர்டுத் துப்பாக்கி இருப்பது தெரிந்து, அது எட்டும் தூரத்தில் நீங்கள் ஓட்டினால் அது உங்கள் வசம் இருந்தது என்று வாதாட முடியும். கணவருக்குக் கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-4 என்ற வீடுகளில் பெட்டகத்தின் எண்ணை மனைவிக்குச் சொல்லாமல் இருப்பதும் இதனால்தான். சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரியும்.

இன்னும் ஒன்று, கிரீன் கார்டுக்காரர்களுக்கும். துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்ததாகத் தீர்ப்பு ஆனால் குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்தலாம். குடிமகனுக்கு ஜாமீனும் வக்கீல் செலவும். நமக்கு வீடு, வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாமே பணயம்.

#15 | புது_எச்1பி

நன்றி அண்ணா. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பவுலிங் போகிறோம்.

#16 | எடிசன்_முருகேசன் | நியூ ஜெர்சி

பென்சில்வேனியா நண்பர்களுக்கு: பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வரும்போது உங்கள் பெர்மிட் வெறும் அட்டை. 2013இல் ஃபிலடெல்ஃபியாவில் இருந்து ஷனீன் ஆலன் என்ற பெண், சொந்த ஊர்ப் பெர்மிட்டோடு, அட்லான்டிக் கவுன்டியில் நிறுத்தப்பட்டார். கேட்காமலே, நேர்மையாக, துப்பாக்கி இருக்கிறது என்றார். அங்கேயே கைது. குறைந்தது மூன்றரை வருடம் உள்ளே இருக்க வேண்டிய நிலைமை வந்தது. நாடு முழுக்கப் பேச்சாகி, 2015இல் ஆளுநர் கிறிஸ்டி மன்னித்தார். உங்களுக்கும் எனக்கும் அப்படி நாடு முழுக்கப் பேசுவார்களா?

வழியில் கடந்துதான் போக வேண்டும் என்றால் கூட்டாட்சிச் சட்டம் ஒரு வழி தருகிறது: கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் வைத்திருக்க உரிமை இருக்க வேண்டும், துப்பாக்கி லோடு செய்யாமல் இருக்க வேண்டும், துப்பாக்கியோ தோட்டாவோ உள்ளிருந்து எட்டக் கூடாது. டிக்கியில் பூட்டிய பெட்டி. நடுவில் எடிசனில் இறங்கி இரண்டு நாள் தங்கி, கல்யாணம் சாப்பிட்டுப் போகலாம் என்றால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

#17 | சேரன்_சிகாகோ

பார்த்தீர்களா, முருகேசன் சார் சொன்ன கதையிலும் சொன்னதால்தான் மாட்டினார். என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

2011இல் ஓஹையோவின் கேன்டனில் போலீஸ் வண்டி கேமராவில் (டேஷ்கேம்) பதிவான வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அப்போது அங்கே உடனே சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஓட்டுநர் பெர்மிட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல வருகிறார், அதிகாரி பேசவே விடவில்லை. பிறகு துப்பாக்கி தெரிந்ததும், முதலிலேயே சொல்லவில்லை என்று கொலை மிரட்டலே விடுகிறார். சொன்னாலும் குற்றம், சொல்ல விடாததும் நம் குற்றம்.

#18 | நந்தினி_ஹூஸ்டன்

சேரன், கோபம் நியாயம்தான். ஆனால் 'சொல்லாமல் இரு' என்பது உங்கள் இல்லினாயிஸில் அதிகாரி கேட்கும்வரை மட்டும்தான் செல்லும். கேட்ட பிறகு மறைத்தால் அது வேறு வழக்கு. சொல்லாமல் இருந்து, லைசென்ஸ் எடுக்கும்போது சட்டை விலகித் துப்பாக்கி தெரிந்தால்? நான் பயப்படுவது அந்த நொடிக்குத்தான். அவர் நம் வாயிலிருந்து தெரிந்துகொள்வதற்கும், தன் கண்ணால் திடீரென்று பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். கடமை இல்லாத ஊரிலும் நான் சொல்வேன், துப்பாக்கி இருக்கும் பக்கம் கை போக வேண்டியிருந்தால். போக வேண்டியதில்லை என்றால் சொல்ல மாட்டேன். இதை நீதிமன்றம் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கார் மட்டும் இல்லை. 2024 மே மாதம் ஃப்ளோரிடாவில் ரோஜர் ஃபோர்ட்சன் என்ற விமானப்படை வீரர், 23 வயது, தன் வீட்டுக் கதவைத் திறந்தார். கையில் துப்பாக்கி, குழல் தரையைப் பார்த்து. வெளியே ஷெரிஃப் துணை அதிகாரி. சில வினாடியில் முடிந்துவிட்டது. அந்த அதிகாரி மேல் வழக்குப் பதிவானது, ஆனால் ஃபோர்ட்சன் இல்லை. 2022இல் மினியாபொலிஸில் அமீர் லாக், 22 வயது, சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர், தட்டாமல் உள்ளே நுழைந்த படை, பத்து வினாடிக்குள் மரணம். வாரன்டில் அவர் பெயரே இல்லை. அங்கே வழக்கும் இல்லை. 'என் வீடு, என் துப்பாக்கி' என்பது முழுக்கச் சரியான சட்டம். கதவு தட்டினால் நான் இப்போது திறப்பதில்லை, உள்ளிருந்தே பேசுகிறேன்.

#19 | மிச்சிகன்_மணி

அப்படியென்றால் சட்டப்புழு எதற்கு இத்தனை தீர்ப்பு எழுதினார்?

#20 | சட்டப்புழு

நல்ல கேள்வி. 2018 நவம்பரில், கனெக்டிகட்டின் வாட்டர்பரியில், ரோட்டோரத்தில் நிறுத்தியிருந்த சூக்கானே என்ற ஓட்டுநர், கேட்ட உடனே டிரைவர் லைசென்ஸையும் பெர்மிட்டையும் சேர்த்துக் கொடுத்து, கதவின் பையில் துப்பாக்கி இருக்கிறது என்றார். நம் பெரியப்பா செய்வதேதான். இழுத்து வெளியே போட்டு, விலங்கு மாட்டி, போலீஸ் காரில் அடைத்து, டிக்கிவரை தேடினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2024 ஆகஸ்டில் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கையில் பெர்மிட்டைக் கொடுத்தவரை அந்தக் காரணத்துக்காகக் கைது செய்ததற்கு அதிகாரிக்கு வழக்கிலிருந்து தப்பிக்கும் விலக்குரிமை கிடையாது என்றது. அவ்வளவு சொல்லவே ஆறு வருடம் ஆனது.

நந்தினி சொல்வது ரோட்டோரத்துப் பத்து வினாடிக்கு. நான் சொல்வது அடுத்த ஆறு வருடத்துக்கு. ரோட்டில் தேடலாமா என்று கேட்டால், கையைத் தூக்காமல், குரலை உயர்த்தாமல், 'தேடுவதற்குச் சம்மதம் தரவில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். கேமராவில் பதிவாகட்டும். சம்மதம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் பிறகு எந்த வக்கீலாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. எங்கிருந்து வருகிறீர்கள், எதற்குத் துப்பாக்கி என்ற கேள்விகளுக்குக் கதை சொல்ல வேண்டாம். மரியாதையும் சம்மதமும் ஒன்றில்லை. நம் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு 'யெஸ் சார், யெஸ் சார்' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார்கள்.

#21 | சேரன்_சிகாகோ

கடைசிப் பத்திக்கு மட்டும் நூறு லைக்.

#22 | கேரி_கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை பல்பு மாற்றினேன், ஏழு டாலர். அப்படியே டேஷ்போர்டு அறையைத் திறந்து சுத்தம் செய்தேன். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மேல் கோயில் அர்ச்சனைச் சீட்டு, மூன்று வருட இந்தியக் கடை பில்கள், ஒரு விபூதிப் பொட்டலம், பிள்ளையின் உடைந்த கண்ணாடி. அன்றைக்கு அதற்குள் கையை விட்டுத் துழாவியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது ரெஜிஸ்ட்ரேஷனும் இன்ஷூரன்ஸும் கண்ணாடிக்கு மேல் மடிப்புத் தட்டியில். பர்ஸ் இடது பாக்கெட்டுக்கு மாறிவிட்டது, இரண்டு நாளாக உட்காரும்போதெல்லாம் உறுத்துகிறது.

மனைவிக்கு முழு இழையும் படித்துக் காட்டினேன். "அடுத்த தடவை நான் ஓட்டுறேன், நீங்க பேசாம பக்கத்துல உக்காருங்க" என்கிறாள்.

#23 | சட்டப்புழு

பக்கத்தில் உட்கார்ந்தாலும், அதிகாரி உங்களிடம் ஒரு வார்த்தை பேசினால் நீங்கள் சொல்ல வேண்டும். வட கரோலினா.

#24 | கேரி_கார்த்தி

பிரியாணி டப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டு கையும் தெரியும்.